குவைத் 1990: அப்பாவின் நோட்டில் உள்ள பெயர்ப்பட்டியல் எதற்காக?

கோத்தகிரி மகள்:

வணக்கம். வளைகுடாவிலிருந்து திரும்பிய நீலகிரிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் உதவ வேண்டும்.

அப்பா 1984இல் குவைத்துக்குப் போனவர். அங்கே ஒரு கம்பெனியில் லாரி ஓட்டினார். 1990இல் இராக் படை நுழைந்த பிறகு ஊருக்கு வந்தார், மறுபடி போகவில்லை. எங்கள் ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், இருந்த நிலத்தில் தேயிலை போட்டார். கொழுந்து விலை ஏறுமா என்று பார்த்துப் பார்த்தே மீதிக் காலம் போயிற்று. குவைத் எப்படி இருந்தது என்று கேட்டால் "வெயில்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. போன வருடம் தவறிவிட்டார்.

பரணை ஒழித்தபோது நீளமான ஒரு நோட்டு கிடைத்தது. அட்டையில் அரபு எழுத்து. உள்ளே அப்பாவின் கையெழுத்தில் அறுபது பெயர்கள் இருக்கும். ஒவ்வொரு பெயரோடும் ஊர்: தக்கலை, கடையநல்லூர், கும்பகோணம், ராமநாதபுரம். சிலருக்கு எதிரே "பா. கஃபீல்" என்று எழுதியிருக்கிறது. எல்லோருக்கும் வரிசை எண் உண்டு. சில எண்கள் அடித்துத் திருத்தப்பட்டிருக்கின்றன. பக்கத்தில் அ, ப, எ என்று மூன்று கட்டங்கள் போட்டு அவற்றில் சிறு சிறு எண்கள்.

கடைசிப் பக்கம்தான் புரியவில்லை. ஏழு பெண்களின் பெயர்கள். ஊர் ஹட்டன், பதுளை, நுவரெலியா. வரிசை எண் இல்லை. கீழே சிவப்பு மையில் "பேசியாகிவிட்டது" என்று ஒரே ஒரு வரி.

அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. வட்டிக்குக் கொடுத்த கணக்காக இருக்கும் என்கிறார் மாமா. அப்பா வட்டிக்கு விட்டவர் என்று நினைக்கவே ஒரு மாதிரியாக இருக்கிறது. அண்ணனுக்கு வேறு கவலை: குவைத்தில் இருந்தவர்களுக்கு ஐ.நா. இழப்பீடு கொடுத்ததாமே, இப்போது கேட்டால் கிடைக்குமா என்கிறான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊட்டி இளைஞன்:

இதைப் பற்றி ஓர் இந்திப் படம் பார்த்திருக்கிறேன் அக்கா. ஒரு பணக்கார வியாபாரி தனியாளாக நின்று எல்லோரையும் ஊர் கொண்டுவந்து சேர்ப்பார். உங்கள் அப்பா அவரிடம் டிரைவராக இருந்திருப்பாரோ?

குன்னூர் ஸ்டோர் கீப்பர்:

தம்பி, படத்தைக் கொஞ்சம் ஓரமாக வை.

அம்மா, உங்கள் மாமாவிடம் சொல்லிவிடுங்கள்: அது வட்டிக் கணக்கு இல்லை. அ என்பது அரிசி, ப பருப்பு, எ எண்ணெய். அதே போல ஒரு நோட்டு நானும் வைத்திருந்தேன். உங்கள் அப்பாவோடு எனக்குப் பழக்கம் கிடையாது. அங்கே ஒரு லட்சத்து எழுபதாயிரம் இந்தியர்கள் இருந்தோம். ஆனால் அந்த மாதிரி நோட்டை எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் ஃபர்வானியாவில் ஒரு கட்டடக் கம்பெனியின் தொழிலாளர் குடியிருப்பில் ஸ்டோர் கீப்பர். ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை விடிவதற்கு முன்பே ஹெலிகாப்டர் சத்தம். ராணுவப் பயிற்சி என்றுதான் முதலில் நினைத்தோம். முதலாளி கோடைக்கு வெளிநாடு போயிருந்தார். மேனேஜர் இரண்டாம் நாளே காரில் பாலைவனத்தின் வழியாகச் சவூதிக்குப் போய்விட்டார். சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மிஞ்சியது நூற்றுச் சொச்சம் ஆட்களும் ஒரு ஸ்டோர் அறையும். சாவி என் இடுப்பில்.

மின்சாரமும் தண்ணீரும் நிற்கவில்லை, அதனால் பிழைத்தோம். ஆகஸ்ட் வெயிலில் ஏசி நின்றிருந்தால் துப்பாக்கியே தேவைப்பட்டிருக்காது. உள்ளூர் தொலைபேசியும் வேலை செய்தது. வெளிநாட்டுத் தொடர்பு மட்டும் அறுந்துபோனது. சால்மியாவில் என்ன நடக்கிறது, ஃபஹாஹீலில் யாருக்குப் பால்பவுடர் வேண்டும் என்றெல்லாம் எங்களுக்குத் தெரியும். குன்னூரில் என் மனைவிக்கு நான் உயிரோடு இருக்கிறேனா என்பது தெரியாது.

முதல் வாரம் எல்லோரும் வழக்கம் போலச் சாப்பிட்டார்கள். நம் ஆட்கள் சோற்றைக் குவித்துப் போட்டுச் சாப்பிடுகிறவர்கள், சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் வாரம் ஜம்மியா என்று நாங்கள் சொல்லும் கூட்டுறவுக் கடையில் அலமாரிகள் காலி. குபூஸ் ரொட்டிக்கு விடியுமுன்னே வரிசை. எங்கள் முறை வருவதற்குள் அடுப்பை அணைத்துவிடுவார்கள். அன்றைக்குத்தான் நிடோ பால்பவுடர் டின் ஒன்றை எடுத்து, தலைக்கு இத்தனை என்று அளக்க ஆரம்பித்தேன். உங்கள் நோட்டில் அ-வுக்கு எதிரே இருப்பது பெரும்பாலும் டின் கணக்காக இருக்கும். கும்பகோணத்துச் சமையல்காரர் ஒருவர் என்னை "ரேஷன் கடைக்காரர்" என்றே கூப்பிட ஆரம்பித்தார், மரியாதையோடு இல்லை.

பணம் இருந்தவனுக்கும் இதே கதி. போருக்கு முன்னால் ஒரு தினார் ஏறக்குறைய அறுபது ரூபாய். இராக் வந்து, குவைத் தினாரும் அதைவிட மிகவும் மலிந்த இராக் தினாரும் இனி ஒன்றே என்று அறிவித்தது. மூன்று வருடச் சேமிப்பு மூன்று மூட்டை அரிசி ஆனது. வங்கியில் போட்டவனைவிடத் தலையணைக்குள் வைத்தவன் கொஞ்சம் தேவலை. அப்படி ரொக்கம் வைத்திருந்தவர்கள் பத்திரம் எதுவும் எழுதாமல் மற்றவர்களுக்குக் கைமாற்றாகக் கொடுத்தார்கள். எல்லோரும் அல்ல, கொடுக்காமல் கதவைச் சாத்திக்கொண்டவர்களையும் எனக்குத் தெரியும்.

இப்போது வரிசை எண்ணுக்கு வருகிறேன். அது பஸ் இடம். ஒவ்வொரு வட்டாரத்திலும் இந்தியர்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். நாடு முழுவதற்கும் பெரிய குழு ஒன்று இருந்தது. டொயோட்டா சன்னி என்று பெயர் வாங்கிய மாத்துண்ணி மேத்யூஸ் அதை முன்னின்று நடத்தினார், ஹர்பஜன் சிங் வேதி போன்றவர்களும் இருந்தார்கள். சால்மியாவில் இந்தியப் பள்ளிக்கூடமே முகாமாக இருந்தது. மேத்யூஸ் பெரிய மனிதர், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர் பேசி முடித்த பஸ்ஸில் நம் கட்டடத்திலிருந்து யார் முதலில் ஏறுவது என்பதை அவரா தீர்மானிக்க முடியும்? அது நோட்டு வைத்திருந்தவனின் தலைவலி. குழந்தைகளோடு இருந்த பெண்கள் முதலில், நோயாளிகள் அடுத்து. அதுவரை சண்டை இல்லை. அதன் பிறகு எல்லோருக்கும் வீட்டில் தாய் சாகக் கிடந்தாள், எல்லோருக்கும் தங்கை கல்யாணம். ஒருவன் தன் எண்ணை நாற்பது தினாருக்கு விற்றான். வாங்கியவன், விற்றவன் இருவரையும் கடைசிக்குத் தள்ளினேன். என் சட்டையைப் பிடித்தார்கள். பிடித்துவிட்டுப் போகட்டும், எண்ணை விலைக்கு விட்டால் ராமநாதபுரத்துக் கூலிக்காரன் டிசம்பர் வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான். உங்கள் அப்பா அடித்துத் திருத்தியிருக்கும் எண்களுக்குப் பின்னால் இப்படிப் பட்ட சண்டைகள்தான் இருக்கும். அவர் பேசாமல் இருந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

"பா. கஃபீல்" என்றால் பாஸ்போர்ட் முதலாளியிடம். கஃபீல் ஓடிவிட்டார், பாஸ்போர்ட் அவர் பெட்டகத்தில். அப்படிப்பட்டவர்களுக்குத் தூதரகம் ஒருவழிப் பயண ஆவணம் எழுதிக் கொடுத்தது. தூதரகங்களை மூடச் சொல்லி இராக் உத்தரவு போட்டதும் ஆகஸ்ட் கடைசியில் நம் தூதரகம் பஸ்ராவுக்குப் போனது.

கடைசிப் பக்கத்துப் பெண்களைப் பற்றி எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஹட்டன், பதுளை, நுவரெலியா என்றால் இலங்கை மலையகம். குவைத்தி வீடுகளில் வேலைக்கு இருந்த பெண்கள், அங்கே கத்தாமா என்பார்கள். வீட்டுக்காரர்களில் சிலர் ஓடும்போது அவர்களையும் அழைத்துப் போனார்கள், சிலர் அவர்களை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டுப் போனார்கள். எந்தக் குடியிருப்பிலும் இல்லாத ஆட்கள், அதனால் எந்தப் பட்டியலிலும் இல்லை. எந்த வீட்டில் தமிழ் பேசுகிற பெண் இருக்கிறாள் என்பது தெருத்தெருவாகச் சரக்கு இறக்கிய டிரைவர்களுக்குத்தான் தெரியும். உங்கள் அப்பா லாரிக்காரர். இராணுவம் பிடுங்காமல் இருக்க பாட்டரியைக் கழற்றி ஒளித்துவைத்து, தேவைப்படும்போது மாட்டி ஓட்டியவர்கள் அவர்கள்.

எங்கள் பட்டியலிலும் அப்படி இலங்கைப் பெண்கள் வந்தார்கள். குழுவில் பெரிய வாக்குவாதம். "இந்தியப் பட்டியலில் வேறு நாட்டார் இருந்தால் மொத்தத்தையும் தள்ளிவிடுவார்கள்" என்றார் கணக்கர் ஒருவர். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அம்மானிலிருந்து ஏர் இந்தியா ஏற்றுவது இந்தியர்களைத்தான். நான் சொன்னது, விமானம் வேறு, பஸ் வேறு. பஸ்காரனுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூலி. தலை எந்த நாடு என்று அவன் கேட்கப் போவதில்லை. எண் கொடுக்காமல், பஸ்காரனிடம் தனியாகப் பேசி ஏற்றினோம். உங்கள் நோட்டில் இருக்கும் சிவப்பு வரிக்கு எனக்குத் தெரிந்த பொருள் அதுதான்.

வழியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், பலர் சொல்லிவிட்டார்கள். சஃப்வான், பஸ்ரா, பாக்தாத், பிறகு ஜோர்டான் எல்லை வரை பாலைவனம். அம்மான் வரை மொத்தம் 1,500 கிலோமீட்டர் அளவுக்கு. இரு எல்லைகளுக்கும் நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத மண்ணில் கூடாரங்கள். லாரியிலிருந்து ரொட்டியை வீசுவார்கள், வலுத்தவன் பிடிப்பான். நாங்கள் அங்கேயும் நோட்டைத் திறந்து, பெயர் படித்து, வரிசையில் வாங்கினோம். பக்கத்துக் கூடாரத்து வங்காளிகள் அதைப் பார்த்துத் தாங்களும் ஒரு பட்டியல் எழுதினார்கள். இலங்கைப் பெண்களை அவர்கள் நாட்டு முகாமில் ஒப்படைத்தோம். அவர்களைப் போன்றவர்களைச் சர்வதேசக் குடியேற்ற அமைப்பு விமானத்தில் அனுப்பியது. பதுளைப் பெண் ஒருத்தி அடுத்த வருடம் தம்பி கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை அனுப்பினாள்.

நம்மை ஏர் இந்தியா கொண்டுவந்தது. 59 நாட்களில் 488 விமானங்கள், ஒரு லட்சத்துப் பதினோராயிரம் பேருக்கு மேல். மும்பையில் இறங்கி, கோவை வரை ரயில், மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினேன். பர்லியாறு தாண்டியதும் குளிர் எலும்பில் இறங்கியது. கண்டக்டரிடம் ஐந்து தினார் நோட்டை நீட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதற்குப் பாக்கி கொடுக்க என்னிடம் ஒட்டகம் இல்லை" என்றார். பக்கத்து சீட்டில் கேரட் மூட்டையோடு இருந்தவர் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்.

ஊட்டி தட்டச்சு:

இழப்பீட்டுக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அந்தக் காலத்தில் எங்கள் தட்டச்சு நிலையத்தில் வளைகுடா இழப்பீட்டு விண்ணப்பங்கள் நிறைய அடித்திருக்கிறோம்.

இனி விண்ணப்பிக்க முடியாது. 1991இல் ஐ.நா. பாதுகாப்பு அவை ஜெனீவாவில் ஓர் இழப்பீட்டு ஆணையம் அமைத்தது. தனிநபர் விண்ணப்பங்கள் டெல்லியில் வெளியுறவு அமைச்சகத்தின் வழியாகப் போயின. அந்தக் கதவு 1990களின் நடுவிலேயே மூடிவிட்டது. ஆணையம் 2022 ஜனவரியில் கடைசித் தவணையைக் கொடுத்து முடித்தது. மொத்தம் 52.4 பில்லியன் டாலர். எல்லாம் இராக்கின் எண்ணெய் விற்பனையிலிருந்து பிடித்த பணம்.

ஆனால் உங்கள் அப்பா அப்போதே வாங்கியிருக்கக்கூடும், அதைப் பாருங்கள். 1990 ஆகஸ்ட் 2 முதல் 1991 மார்ச் 2 வரை குவைத்திலிருந்தோ இராக்கிலிருந்தோ வெளியேறியவர்களுக்கு "ஏ" பிரிவு. வேறு பிரிவில் எதுவும் கேட்காவிட்டால் தனியாளுக்கு 4,000 டாலர், குடும்பத்துக்கு 8,000. வேறு பிரிவிலும் கேட்டால் 2,500, 5,000. சேமிப்பு, சம்பளப் பாக்கி, வீட்டுச் சாமான் போன்ற நஷ்டங்களுக்கு ஒரு லட்சம் டாலர் வரை "சி" பிரிவு. அதற்குச் சான்று காட்ட வேண்டும். சம்பளச் சீட்டு எங்கே என்று கேட்டால் பாதிப் பேர் சிரிப்பார்கள். ஓடி வந்தவனிடம் சம்பளச் சீட்டா! அதனால் பலர் "ஏ"வோடு நிறுத்திக்கொண்டார்கள்.

பணம் ஒரே தடவையில் வரவில்லை. இராக் எண்ணெய் விற்க அனுமதி கிடைத்து, 1996 கடைசியில் விற்பனை தொடங்கிய பிறகே பெரும்பாலும் நகர்ந்தது. அப்பாவின் வங்கிப் பாஸ்புத்தகத்தில் 1996 முதல் 2000 வரையிலான பக்கங்களைப் பார்க்கச் சொல்லுங்கள் உங்கள் அண்ணனை. முதல் தவணை 2,500 டாலர் என்றால் அன்றைய மதிப்பில் எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல். அந்த வருடத்தில் வீட்டுக்கு ஓடு மாற்றியதோ, நிலம் வாங்கியதோ உங்கள் அம்மாவுக்கு நினைவிருக்கும்.

பந்தலூர் அம்மா:

ஸ்டோர் கீப்பர் அண்ணன் எல்லாம் சரியாகச் சொன்னார். ஒன்றை மட்டும் பாதி சொல்லி விட்டுவிட்டார். குழந்தையோடு இருந்த பெண்கள் முதலில் போனார்கள் என்றார். குழந்தை இல்லாமல் தனியாக இருந்த பெண்கள்? எங்களை ஆண்களோடு சேர்த்து "தனியாள்" என்று எழுதினார்கள். நான் ஹவல்லியில் வீட்டு வேலை செய்தவள். முன்பின் தெரியாத ஆண்கள் நிறைந்த ஒரு கட்டடத்தில் என் முறை வரும் வரை படுத்துறங்க வேண்டும். நான்கைந்து பெண்கள் சேர்ந்து, எங்களுக்குத் தனி அறையும் உள்ளே தாழ்ப்பாளும் தராவிட்டால் சமைக்க மாட்டோம் என்றோம். ஒரு வேளை அடுப்பு எரியவில்லை. அடுத்த வேளைக்குள் தாழ்ப்பாள் வந்துவிட்டது.

நானும் பிறப்பால் பதுளைக்காரிதான். சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில் இந்தியக் குடியுரிமை கிடைத்து, தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு பந்தலூர் பக்கம் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் அப்பாவுக்கு வேலை கொடுத்தார்கள். அதனால் என்னிடம் இருந்தது இந்தியப் பாஸ்போர்ட். என்னோடு அதே தெருவில் வேலை செய்தவள் என் சித்தப்பா மகள். அவர்கள் குடும்பம் இலங்கைக் குடியுரிமை வாங்கி அங்கேயே தங்கிவிட்டது. ஒரே லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தோம். குவைத்தில் எனக்கு எண் உண்டு, அவளுக்கு இல்லை. அவள் வராமல் நான் ஏற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். எங்களை ஏற்றிவிட்டது ஒரு டிரைவர்தான், மலையாளி. பஸ்காரனிடம் அவர் என்ன பேசினாரோ, என் கையில் இருந்த மோதிரத்தை வாங்கி அவனிடம் கொடுத்தார். எல்லையில் ஒரு சால்வையை என்னிடம் நீட்டி, "மோதிரத்துக்கு மிச்சம்" என்றார்.

மகளே, உங்கள் அப்பா அந்தப் பெண்களைக் கடைசிப் பக்கத்தில் எழுதியதில் குறை காண வேண்டாம். முன் பக்கத்தில் எழுதியிருந்தால் யாராவது அடித்திருப்பார்கள்.

கோத்தகிரி மகள்:

எல்லோருக்கும் நன்றி. மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "அப்படியா" என்று மட்டும் சொன்னார். பாஸ்புத்தகம் கிடைக்கவில்லை, ஆனால் 1997இல் அப்பா பக்கத்துத் தோட்டத்தில் ஒன்றரை ஏக்கர் வாங்கினார், பணம் எங்கிருந்து என்று அம்மாவிடம் சொல்லவில்லையாம்.

நோட்டின் பின்னட்டைக்குள் மணியார்டர் ரசீதுத் துண்டுகள் சில ஒட்டியிருக்கின்றன. அனுப்பியவர் ஊர் கடையநல்லூர், தக்கலை. தொகை இருநூறு, முந்நூறு. தேதி எல்லாம் 1991, 92. இது அந்தக் கைமாற்றா ஐயா? அந்த ஏழு பெண்களைத் தேட வழி உண்டா? பெயர்களை இங்கே போடட்டுமா?

குன்னூர் ஸ்டோர் கீப்பர்:

கைமாற்றுதான். கொடுத்துத் தீர்த்திருக்கிறார்கள். மணியார்டர் வந்த பெயர்களை நோட்டில் பாருங்கள், பக்கத்தில் ஒரு டிக் அடையாளம் இருக்கலாம். டிக் இல்லாத பெயர்களைத் தேடி அண்ணன் வசூலுக்குக் கிளம்ப வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

பந்தலூர் தங்கச்சி சொன்னதற்கு: எங்கள் கட்டடத்தில் பெண்களுக்கு முதல் நாளிலிருந்தே தனி அறை உண்டு, தாழ்ப்பாளும் உண்டு. மற்ற இடங்களுக்கு நான் பொறுப்பாக முடியாது.

பெயர்களை இங்கே போடாதீர்கள். வீட்டு வேலைக்குப் போனதைக் குடும்பத்தில் சொல்லாத பெண்களும் இருக்கிறார்கள், இப்போது பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள். பெயருக்குப் பக்கத்தில் தோட்டத்தின் பெயரோ டிவிஷன் பெயரோ எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பந்தலூர் தங்கச்சியிடம் தனியாகக் கொடுங்கள். பதுளைக்கு இன்னும் போன் பேசுகிற ஆள் அவர்தான்.

பந்தலூர் அம்மா:

கொடுங்கள் மகளே. சித்தப்பா மகள் ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். ஹட்டன் பக்கம் அவள் மருமகனுக்குத் தெரியும். நுவரெலியாவுக்கு வேறு ஆள் பிடிக்க வேண்டும்.